பேர் கூப்பிட்டால்தான் படியேறுவோம்: கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு நாள்

போன மாதம் கல்வராயன் மலைப் படங்களைப் போட்டாலும் போட்டேன், கேள்விக்குக் குறைவில்லை. எந்த மாதம் போகலாம், குழந்தைகளை அழைத்துப் போகலாமா, அருவியில் தண்ணீர் இருக்குமா. ஒரு தம்பி, "ஆன்ட்டி, மேலே நெட்வொர்க் கிடைக்குமா?" என்றுகூடக் கேட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நான் அந்த மலைக்கு முதன்முதலாகப் போன கதையைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் கீழே போக வேண்டும். என் வலைப்பூ, என் சட்டம்.

அது எண்பதுகளின் பிற்பகுதி, இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். எந்தக் காலையில் எந்தச் சாலையில் மரம் விழுந்து கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் பங்கைக் கொடு என்று கேட்டு ஜனங்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். உயிர்களும் போயிருந்தன, அதனால் கடைத்தெருவில்கூடக் குரலைத் தணித்துத்தான் பேசிக்கொண்டார்கள்.

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாயவரத்தில் காவிரித் தண்ணீரில் வளர்ந்தவளைக் கொண்டுவந்து கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீட்டில் குடிவைத்தார் இவர். இவர் என்றால் எங்கள் வீட்டுக்காரர். பால்வளத் துறையில் ஆய்வாளர். காலையில் பால், மாலையில் பால், ராத்திரி கனவிலும் பால் கேன் உருட்டுவார். கல்யாணத்துக்கு முன்னால் "பக்கத்திலேயே மலை, மலையில் அருவி" என்று சொல்லி அழைத்து வந்தவர் மூன்று மாதமாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் விடுவேனா? ஒரு சனிக்கிழமை கச்சிராயபாளையம் பக்கத்தில் இவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. மலைக்குப் போகும் வழிதான் அது. கூட்டத்தை முடித்துக்கொண்டு அப்படியே கரியாலூர் பஸ் பிடித்து மேலே போகலாம், நானும் வருகிறேன் என்று புடவையைக் கட்டிக்கொண்டு முதலில் படியிறங்கியது நான்தான்.

கீழ்வீட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இன்னிக்கி போவாதீங்கம்மா. மறியல் ஜாஸ்தியா இருக்கும்னு பேசிக்கினு இருக்காங்க. பஸ்ஸு கம்மி" என்றார். இவர் உடனே வீட்டுக்குத் திரும்பப் பார்த்தார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய் என்று ஞாபகம். ஜன்னலோரம் எனக்குத்தான்.

பஸ்ஸில்தான் இவர் அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். கோமுகி அணைக்குப் போகிற பாதையில் ஒரு குடியிருப்பு. சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு அரசாங்கமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள். தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கக் காகிதத்தில் பெயர். தாயகமாவது ஒன்றாவது, அவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த மண்ணை அதற்கு முன்னால் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. குடியுரிமை கிடைத்தது, ரேஷன் கார்டு கிடைத்தது, மறுவாழ்வுக் கடனில் வீட்டுக்கு ஒரு கறவை மாடும் கிடைத்தது. பால் கறந்தார்கள். ஆனால் அந்தப் பாலைக் கொண்டுபோனால் பக்கத்து ஊர்க் கூட்டுறவுப் பால் சங்கத்தில் ஊற்ற விடவில்லை. உறுப்பினராகச் சேர்க்கவும் இல்லை. டீக்கடைக்காரர்கள் இஷ்டப்பட்டால் வாங்குவார்கள், இல்லையென்றால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள்.

அதனால் அந்தப் பெண்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு பால் சங்கம் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். கையெழுத்து, கைநாட்டு எல்லாம் சேர்த்து இருபத்தைந்து பேர். அதற்குக் கீழே போனால் சங்கம் கிடையாது. இருபத்தைந்து பேரும் அறிவித்த நாளில், அறிவித்த கட்டடத்துக்குள், ஆய்வாளர் முன்னிலையில் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரை மணி நேரம் காத்திருப்பார்கள். ஒரு ஆள் குறைந்தாலும் விண்ணப்பம் செத்தது, அந்தக் குடியிருப்பைப் பக்கத்து ஊர்ப் பழைய சங்கத்தின் எல்லைக்குள் சேர்த்துவிடுவார்கள். சேர்த்துவிட்டால் அந்தப் பெண்கள் பழையபடி டீக்கடை வாசலில்தான். இதெல்லாம் இவர் சொன்ன அன்றைய நடைமுறை. விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

வடக்கனந்தலுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. சாலைக்குக் குறுக்கே பெரிய புளியமரம், அதன்மேல் வரிசையாக ஆட்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடியைப் பற்றவைத்தார். "திரும்பிடலாம். சாலை மறியலால் கூட்டம் நடக்கவில்லைன்னு அறிக்கை எழுதிடறேன்" என்றார் இவர்.

"எழுதினா இன்னொரு நாள் குடுப்பாங்களா?"

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தால் பதில் சரியில்லை என்று அர்த்தம், அந்த மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான். "தெரியல. பழைய சங்கத்துக்காரங்க மேலிடத்துல ஏற்கெனவே எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார். நான் பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டேன். பின்னாலேயே இவரும் இறங்கினார். வேறு என்ன செய்வார், பலகாரப் பை என் கையில் இருந்ததே.

மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த ஒருவர், நாற்பது வயது இருக்கும், தலையில் துண்டு கட்டியிருந்தார், குரல் கொடுத்தார். "இன்னா சார், பொண்டாட்டிய இட்டுக்கினு எங்க கெளம்பிட்டீங்க? வண்டி எதுவும் போவாது."

"நடந்துதான் போறோம். பால்வளத் துறை. சிலோன்காரங்க குடியிருப்புல சங்கக் கூட்டம்" என்றார் இவர்.

அவர் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தார். "அந்தப் பொம்பளைங்க சங்கமா? எங்கூரு சொசைட்டி செயலாளரு அது நடக்கவே நடக்காதுன்னு ஊரு பூரா சொல்லிக்கினு திரியறாரு. காலைல சைக்கிள்ல அங்கதான் போனாரு." பிறகு கால்களை மடக்கி எங்களுக்கு வழிவிட்டார். "போங்க சார். நாங்க பங்கு கேட்டு ரோட்டுல குந்திக்கினு இருக்கோம். அவங்க பங்கு கேட்டு கூட்டம் போடறாங்க. அத நாங்க மறிக்கலாமா? அம்மா, பாத்துத் தாண்டுங்க, கெளை குத்தும்."

கையைக் கொடுத்துத் தாண்டவும் உதவினார். அங்கிருந்து நடை. ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாது. இரண்டு பக்கமும் கரும்பு, இடையில் அங்கங்கே மரவள்ளி. ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு வண்டிகள் மாட்டை அவிழ்த்துவிட்டு நின்றன. எதிரே மலை நீலமாகத் தெரிந்துகொண்டே இருந்தது, பக்கத்தில் மட்டும் வரவில்லை. என் புதுச் செருப்பு கடித்தது. இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் வைத வசவெல்லாம் இங்கே எழுத முடியாது.

கூட்டத்துக்கு அறிவித்திருந்த ஊராட்சிக் கட்டடம் என்பது ஒற்றை அறை, முன்னால் மூன்று படி. உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியில் வெள்ளை வேட்டி கட்டிய மனிதர் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் பழைய சங்கத்தின் செயலாளர். கூட்டத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆட்சேபம் இருந்தால் சொல்ல உரிமை உண்டாம். அவரைத் தவிர அறையில் ஒரு ஈ காக்கை இல்லை. கூட்டத்துக்குக் குறித்த மணி பத்து, அதுவும் தாண்டியிருந்தது.

"பாத்தீங்களா சார்? ஒருத்தியும் வர்ல" என்றார் செயலாளர். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இவங்களுக்கெல்லாம் எதுக்கு சார் சங்கம்? கூப்பிட்டு கூலி குடுத்தா வேல செய்வாங்க, அவ்ளோதான். நீங்க கூட்டம் நடக்கலன்னு எழுதிட்டுக் கெளம்புங்க, வெயிலு ஏறிக்கினு இருக்குது."

"பத்தரை வரைக்கும் நேரம் இருக்கு" என்று இவர் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். இதற்காகவா காலைக் கடித்த செருப்போடு நடந்தேன்? அங்கே உட்காரப் பிடிக்காமல், குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று பார்க்கக் கட்டடத்தின் பின்பக்கம் போனேன். அங்கே சரிவாகத் தரை இறங்கி, கீழே ஒரு பொட்டல். பொட்டலில் நான் பார்த்த காட்சியை இப்போது நினைத்தாலும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இருபத்தைந்து பெண்கள் வரிசை பிடித்து நின்றார்கள். குட்டையானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால். ஒவ்வொருத்தி காலடியிலும் ஒரு தூக்குவாளிப் பால். மூடிக்கு மேலே ஈரத்துணி. ஒருத்தியும் பேசவில்லை, நிழலுக்கு ஒதுங்கவில்லை.

"இங்க என்ன பண்றீங்க?" என்று கத்தினேன்.

முன்வரிசையில் நின்ற பெண் கும்பிட்டாள். நாற்பதை ஒட்டிய வயது, சின்ன உடம்பு, நிமிர்ந்த கழுத்து. அவள்தான் விண்ணப்பத்தில் முதல் பெயர், பாக்கியம். "பெரட்டுக்கு நிக்கிறோம்ங்க, தொரசாணி" என்றாள்.

என்னைத் தொரசாணி என்று வாழ்க்கையில் அன்றுதான் ஒருத்தி கூப்பிட்டாள். தோட்டத்தில் அதிகாரியைத் தொரை என்பார்களாம், அவர் சம்சாரம் தொரசாணி. விடிகாலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும், கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார், கூப்பிட்ட பிறகுதான் கொழுந்து பறிக்க மலை ஏற வேண்டும். அதிகாரி வருகிறார், ஆள் கணக்கு எடுப்பார் என்று இவர்களுக்குச் செய்தி வந்திருக்கிறது. ஆள் கணக்கு என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், விடியும் முன்பே வந்து பொட்டலில் வரிசை கட்டிவிட்டார்கள். செயலாளர் சைக்கிளில் வரும்போது இவர்களைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார்.

"ஐயோ, கூட்டம் மேல கட்டடத்துக்குள்ளம்மா! அவர் வந்து உக்காந்துட்டார், சீக்கிரம் வாங்க" என்றேன். ஒரு கால்கூட நகரவில்லை. பாக்கியம் தயங்கினாள். "கூப்பிடாம ஆபீஸ் படி ஏறக் கூடாதுங்களே. ஏறினா அரைப்பேர்தான் போடுவாங்க." அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி. தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் காலில் அந்தத் தோட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேலே ஓடினேன். இவரிடம் சொன்னேன். இவர் எழுந்துவிட்டார், ஆனால் செயலாளர் கையை நீட்டித் தடுத்தார். "நோட்டீசுல கட்டடம்னு போட்டிருக்குது சார். வெளில நிக்கறவங்க கணக்கு இல்ல. நீங்க எறங்கிப் போய் கூப்பிட்டீங்கன்னா, ஆபீசரே ஆள் சேத்தாருன்னு மேல எழுத வேண்டியிருக்கும்." இவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மனிதர் வேட்டியைப் பிடித்து இழுத்துத் தள்ளியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கீழே ஓடினேன்.

"அவரால உங்களக் கூப்பிட முடியாதாம். கூப்பிட்டா தப்பாயிடுமாம்" என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அப்ப யாருங்க கூப்பிடறது?"

"யாருமே இல்ல பாக்கியம். கூப்பிட அங்க ஆளே கிடையாது. இன்னும் கொஞ்ச நேரம் போனா எல்லாம் முடிஞ்சிடும்."

அவள் என்னைப் பார்த்தாள். திரும்பித் தன் வரிசையைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று சரிவில் ஏறினாள். மூன்று படியையும் ஏறி, வாளியை நிலைவாசல் ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போகாமல் பொட்டலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

"மாரியாயி!"

கீழே ஒரு நொடி அசைவில்லை. பிறகு ஒருத்தி "வந்திருக்கேங்க!" என்று சத்தம் போட்டுவிட்டு வாளியோடு ஏறினாள், பாக்கியத்தைத் தாண்டி அறைக்குள் போனாள்.

"லெச்சுமி! செவனம்மா! ராமாயி! புஷ்பராணி!"

கையில் காகிதம் எதுவும் இல்லை, எல்லாம் வாயில் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு "வந்திருக்கேங்க". முதலில் தயங்கித் தயங்கி ஏறியவர்கள் போகப்போகச் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். கடைசியில் வந்தவர்கள் ஓடியே வந்தார்கள். தோட்டத்தில் பெரட்டுக் கூப்பிட்ட பெண்பிள்ளை கிடையவே கிடையாது என்று பிறகு மாரியாயி சொன்னாள். செயலாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே சுவர்வரை போய்விட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கை தட்டாத குறைதான்.

இவர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "இருபத்தி நாலு" என்றார்.

"ஒண்ணு கொறையுது சார். நேரமும் ஆயிடுச்சு. எழுதுங்க" என்றார் செயலாளர்.

பெண்கள் ஒருவரை ஒருவர் தொட்டு எண்ணினார்கள். யார் வரவில்லை? எல்லாரும் வந்தாயிற்றே? பாக்கியம் நிலைவாசலுக்கு வெளியே நின்று கீழே பொட்டலையே தேடிக்கொண்டிருந்தாள். திடீரென்று மாரியாயி சிரித்தாள் பாருங்கள், கூரையே அதிர்ந்தது.

"அடியே, ஊரு பேரெல்லாம் கூப்பிட்டியே, ஒம் பேர எவடி கூப்பிடுவா?"

பெயர் கூப்பிடுகிற ஆள் கணக்கில் வர மாட்டார், அது தோட்டத்து வழக்கம். அவளும் தன்னைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள். மாரியாயி ஆரம்பித்தாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இருபத்து நான்கு தொண்டையும் ஒன்றாகக் கத்தின: "பாக்கியம்!"

அவள் திரும்பினாள். வாளியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். "வந்திருக்கேங்க" என்றாள். இவருடைய கைக்கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.

செயலாளர் லேசில் விடவில்லை. எழுந்து நின்று, "ஆட்சேபம் சார். இவங்க இந்த ஊரே இல்ல. சிலோன்ல பொறந்தவங்க. நாளைக்கே மூட்டையைக் கட்டிக்கினு போயிட்டா சங்கத்த யாரு பாக்கறது?" என்றார்.

இவர் கண்ணாடியைத் தொடவே இல்லை. "இந்த எல்லைக்குள்ள குடியிருக்கணும், கறவை மாடு இருக்கணும், சங்கத்துக்குப் பால் ஊத்தணும். இந்த மூணுதான் விதி. எங்க பொறந்தாங்கன்னு விதி கேக்கல. விதி கேக்காதத நான் கேக்க மாட்டேன்" என்றார். கல்யாணமாகி மூன்று மாதத்தில் அன்றுதான் எனக்கு இவரை நிஜமாகவே பிடித்துப்போனது. இதை இவரும் படிப்பார், படிக்கட்டும்.

கை தூக்கச் சொன்னார். பாக்கியத்தைத் தலைவராக்க எல்லாக் கையும் எழுந்தது, போட்டிக்கு யாரும் இல்லை. அடுத்ததாக இவர் செயலாளரைப் பார்த்து, "கொஞ்சம் எழுந்திருங்க. அது தலைவர் நாற்காலி" என்றார். அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாக்கியம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மாரியாயி தோளைப் பிடித்து அழுத்தி நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார வைத்தாள்.

அப்புறம் எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். அத்தனை வாளிப் பாலை வைத்துக்கொண்டு பால் இல்லாத தேத்தண்ணி! உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரை, அதை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும், அதுதான் அவர்கள் பழக்கம். மறியலால் பால் வண்டி வராது என்பதால் அன்றைய பாலையெல்லாம் காய்ச்சித் தயிருக்கு உறை ஊற்றினார்கள். பாக்கியம் அப்போது சொன்னது எனக்கு மறக்கவில்லை. "ரெண்டு அரசாங்கமும் உக்காந்து எங்களப் பங்கு போட்டுக்கிட்டாங்க. அங்க இருந்தா இந்தியாக்காரின்னாங்க, இங்க வந்தா சிலோன்காரின்னாங்க. இன்னைக்குத்தாங்க ஒரு வாசலுக்குள்ள எங்களுக்குன்னு ஒரு பேரு."

நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஆனால் ஊர் ஊராகச் சுற்றியதில் ஒன்று பார்த்திருக்கிறேன். இதேபோல் தாயகம் திரும்பிய ஜனங்களை நீலகிரியில் சந்தித்திருக்கிறேன், நூற்பாலைகளில் சந்தித்திருக்கிறேன். கூலிக்கு வேலை கொடுத்த இடத்தில் கூலிக்காரர்களாக நின்றுவிட்டவர்கள் உண்டு. வியாபாரம் செய்து பழக்கமே இல்லாத கையில் வியாபாரக் கடனைக் கொடுத்து, அது கரைந்துபோய், ரோட்டுக்கு வந்தவர்களும் உண்டு. ஜனங்கள் ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். அவர்களைச் சேர்த்துக்கொள்ள அரசாங்கம் எந்தக் கதவை, எந்த அளவுக்குத் திறந்து வைத்தது என்பதுதான் வேறு. மாட்டைக் கொடுத்தது ஒரு துறை, பாலை ஊற்ற இடம் தராமல் தடுத்தது ஒரு சங்கம், அந்தத் தடையைத் தாண்ட வழி விட்டது ஒரு விதி. வந்தேறி என்று ஊர் முகம் சுளிப்பதை எந்தச் சட்டமும் ஒரே நாளில் மாற்றிவிடாது. ஆனால் சட்டம் சரியாக இருந்து, அதைப் படிக்கிற ஆளும் முதுகை வளைக்காமல் இருந்தால், ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முகம் மாறும். போராட்டத்தில் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டதும் அப்படி ஒரு விதியைத்தானே.

சரி, அருவிக்கு வருவோம். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவந்த லாரி ஒன்று மறியலால் கீழே போக முடியாமல், கிழங்கைக் கச்சிராயபாளையத்தில் இறக்கிவிட்டுக் காலியாக மேலே திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டார். "எறங்கறதுக்குத்தான் தட, ஏர்றதுக்கு ஒரு தடயும் இல்ல, வாங்க சார்" என்றார். அணையைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். ஒவ்வொரு வளைவிலும் காற்று ஒரு சுற்று குளிர்ந்தது. மூங்கில், கடுக்காய் மரம், இடையிடையே சாமை விளைந்த சரிவுகள். இவர் வழியெல்லாம் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார். "என்ன?" என்றேன். "இருபத்தி நாலுன்னு சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றார்.

கரியாலூர் பக்கத்துப் பெரியார் அருவிக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. பாறையில் இறங்கி, கடித்த செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் வைத்தேன். அப்பாடா! பலகாரப் பையில் இருந்த முறுக்கில் பாதியைக் குரங்கு கொண்டுபோனது. இவர் சட்டையோடு அருவியில் போய் நின்று, "மாரியாயி! லெச்சுமி!" என்று கத்தினார். இவர் கத்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். இருட்டும் முன் மறுபடி கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்த அதே லாரியில் கீழே இறங்கினோம். புளியமரத்தை ஓரமாகப் புரட்டிப் போட்டு வழி விட்டிருந்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். சென்னையிலிருந்து வருபவர்கள் உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி வந்துவிடுங்கள், சுமார் இருநூற்றைம்பது கிலோமீட்டர். அங்கிருந்து கச்சிராயபாளையம் பதினைந்து கிலோமீட்டர் போல வரும், அதற்கு மேல் மலைப்பாதை. கரியாலூர், வெள்ளிமலைக்கு டவுன் பஸ்கள் உண்டு, ஆனால் அடுத்த பஸ் எப்போது என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். சொந்த வண்டி என்றால் கீழேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். மழை பிடிக்கிற ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் அருவியில் தண்ணீர் நன்றாக இருக்கும், சித்திரையில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள். பெரியார் அருவி சாலையோரம், குழந்தைகளோடு போகலாம். மேகம் அருவிக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும், உள்ளூர் ஆள் துணையில்லாமல் போகவே போகாதீர்கள், பாறை வழுக்கும். கரியாலூரில் படகு விடுகிறார்கள். மேலே சாப்பாட்டுக் கடைகள் குறைவு, மாலைக்குள் மூடிவிடுவார்கள். புதுச் செருப்பு வேண்டாம். நெட்வொர்க் கேட்ட தம்பி, வெள்ளிமலையில் கிடைக்கும், அருவியில் கிடைக்காது, அது நல்லதுதான்.

வழியில் அந்தக் குடியிருப்பில் நிறுத்தலாமா என்று கேட்டால், கட்டாயம் நிறுத்துங்கள் என்பேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் என் மாமனார் மாமியாரை அருவிக்கு அழைத்துப் போனோம். போகும்போது, அதே ஊராட்சிக் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்த சங்கத்தில் எட்டிப் பார்த்தோம். மாலைப் பால் ஊற்றுகிற நேரம். கதவுக்கு வெளியே, படிக்குக் கீழே ஒரு பெண் வாளியோடு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள். அந்த வெள்ளை வேட்டிச் செயலாளரின் மனைவி. பழைய சங்கத்தில் இரண்டு கோஷ்டியாகி, சண்டை முற்றிப் பூட்டுப் போட்டுவிட்டார்களாம். வீட்டில் இரண்டு மாடு கறக்கிறது, பாலை எங்கே ஊற்றுவது? அவர்கள் ஊரையும் இப்போது இந்தச் சங்கத்தின் எல்லைக்குள் சேர்த்துவிட்டார்களாம்.

உள்ளே ஒரே கூச்சல். மாரியாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இவ புருசன் நம்மள வெயில்ல நிக்க வெச்சான். இவளும் நிக்கட்டும். ஒரு நாளு பூரா நிக்கட்டும்." பலர் ஆமாம் என்றார்கள். எனக்கும், உண்மையைச் சொன்னால், ஆமாம் என்றுதான் இருந்தது.

பாக்கியம் மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"அவன் நிக்க வெச்சான் சரி. நம்ம உக்கார வெப்போம்" என்றாள். எழுந்து வாசலுக்கு வந்தாள். "ஒம் பேரு என்னாம்மா?"

"தனலட்சுமிங்க" என்றாள் அந்தப் பெண்.

பாக்கியம் ஊருக்கே கேட்கும்படி அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். தனலட்சுமி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.